வதிவிடமும் மதியச் சாப்பாடும்

1

சென்ற மாதம் அலுவலகத்தில் நான் ஒரு பிழை செய்துவிட்டேன். கவுண்டருக்கு வந்து நின்ற ஒரு பெண்ணிடம், "சாப்பிட்டாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

இதில் என்ன பிழை என்று இலங்கை மலைநாட்டிலிருந்து படிக்கிற உங்களுக்கு விளங்காது. ஹட்டன் பஸ் நிற்கிற இடத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தால் வேறென்ன கேட்போம்? ஆனால் இங்கே, வட இங்கிலாந்தின் இந்த மழை நகரத்தில், அது ஒருவருடைய சொந்த விஷயத்தில் தலையிடுவதாகும். அந்தப் பெண் போன பிறகு, எனக்கு மேலதிகாரியான திருமதி பார்க்கர் என்னைக் கூப்பிட்டார்.

"காலை வணக்கம் சொல்லலாம். மழையைப் பற்றிப் பேசலாம். அவர்கள் வயிற்றைப் பற்றி நாம் கேட்கக்கூடாது, சரோஜா."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் எங்கள் பிரிவின் வேலையே வயிற்றைப் பற்றியதுதான். நகரசபையின் கல்விப் பகுதியில் நான் தட்டெழுத்தாளராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைக்குப் படிப்புச் செலவை மட்டுமல்ல, சாப்பாட்டுச் செலவையும் தங்கும் செலவையும் அவரவர் ஊர்ச் சபை கொடுக்க வேண்டும். மனமிருந்தால் கொடுக்கலாம் என்றில்லை. கொடுத்தே ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதை எனக்கு விளக்கியபோது, "எல்லாப் பிள்ளைகளுக்குமா?" என்று இரண்டு முறை கேட்டேன். திருமதி பார்க்கருக்கு என் ஆங்கிலம் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "எல்லாப் பிள்ளைகளுக்கும்" என்றார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை. விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன்னால் மூன்று வருடம் இந்த நாட்டில் வழக்கமாக வசித்தவரா?

கவுண்டரில் நின்ற பெண்ணின் பெயர் ஐரீன். மேற்கிந்தியத் தீவு ஒன்றிலிருந்து வந்தவள். அவளுடைய அம்மா இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். மகளைப் பிறகுதான் கூப்பிட்டுக்கொண்டாள். முப்பது மைல் தள்ளியிருக்கும் ஒரு கல்லூரியில் மருந்தாளர் படிப்புக்கு ஐரீனுக்கு இடம் கிடைத்திருந்தது. உதவிப்பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அங்கே ஒரு அறையில் தங்கி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பு தொடங்கிய நாளில் அவள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான்கு மாதம் குறைகிறது.

காத்திருந்தவளுக்குத் தேநீரும் மூன்று பிஸ்கட்டும் கொடுத்தோம். ஒன்றைத் தின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அப்படி ஒளித்து வைக்கிற கையை நான் முன்னமே பார்த்திருக்கிறேன்.

2

ஹட்டனில் நான் பள்ளிப் படிப்புப் படித்த கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் காமாட்சி. அவளுடைய அப்பா அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து எங்கள் வகுப்பு வரை வந்து சேர்ந்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். கேத்திர கணிதத்தில் அவளுக்கு நிகர் கிடையாது. மாஸ்டர் கரும்பலகையில் படம் வரைந்து முடிப்பதற்குள் விடையைக் கொப்பியில் எழுதிவிட்டு, எழுதியதைக் கையால் மூடிக்கொள்வாள்.

தோட்டத்திலிருந்து தினமும் வந்து போக முடியாததால், டவுனில் ரயில்வே சாமான் கொட்டகையில் மூட்டை தூக்கும் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தாள். அவளுடைய ரேஷன் அரிசிக் கூப்பன் தோட்டத்தில் பதிந்திருந்தது. தோட்டத்து அரிசி தோட்டத்தில்தான் கிடைக்கும். மாமன் வீட்டில் அவருக்கும் மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் மட்டுமே கூப்பன். ஏழாவது வாய்க்கு அந்த வீட்டில் கணக்கில்லை. மாமி கெட்டவள் இல்லை. பானையில் இருப்பதைத்தானே அவளும் போட முடியும்?

அந்த நாளில் பள்ளிக்கூடங்களில் மத்தியானம் ஒரு பணிஸ் ரொட்டி கொடுப்பார்கள். காமாட்சி பாதியைத் தின்பாள். மீதியைப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொள்வாள்.

"அது யாருக்குடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ராவைக்கு" என்றாள்.

பிறகு அரிசி விலை ஏறிய வருடம் வந்தது. கொழும்பில் கடையடைப்பு, கலவரம் என்று பத்திரிகையில் போட்டார்கள். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடப் பணிஸும் நின்றது. எங்களில் பலருக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. என் அப்பா ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மத்தியானம் நான் கடைக்குப் போய்ச் சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு என்று சாப்பிட்டுவிட்டு வருவேன். திரும்பி வரும்போது காமாட்சி குழாயடியில் நிற்பாள். முகம் கழுவுகிறாள் என்றுதான் நினைத்தேன். குடித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குப் புவியியல் கற்பித்தவர் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர். கிழிந்த தேசப்படங்களைத் துணியில் ஒட்டுவதற்காகக் கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானத்துக்குப் பிறகு டப்பாவைத் திறந்தால், வழித்துத் துடைத்தது போலக் காலியாக இருந்தது.

"பசை எங்கை? ஆர் எடுத்தது?"

அடுத்த பாடம் பாதி நடக்கும்போது காமாட்சி எழுந்து வாசல் வரை ஓடினாள். அதற்கு மேல் போக முடியவில்லை. படியிலேயே வாந்தி எடுத்தாள். பச்சையும் நீலமுமாக ஒரு நிறம். பூச்சி அரிக்காமலிருக்க டீச்சர் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தார்.

டீச்சர் ஓடிவந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். நிறத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"என்ன பிள்ளை செய்தனீர்? அது நஞ்சல்லோ!"

காமாட்சிக்கு மூச்சு வாங்கியது. "கோதும மாவு தானே டீச்சர்" என்றாள். "வீட்டுல ரொட்டி சுடுறதும் அதுல தானே."

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்து வந்தாள். வந்த நாளிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் 'பசை'. நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவர்கள் சிரித்தபோது நானும் சிரித்திருக்கிறேன்.

3

அதற்குப் பிறகு டீச்சர் சும்மா இருக்கவில்லை. கல்லூரிக்கு ஒரு உதவித் திட்டம் வந்திருந்தது. வசதியில்லாத மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுதியில் மதியச் சாப்பாடு. காமாட்சியின் பெயரைத்தான் டீச்சர் முதலில் எழுதினார். பெயர் திரும்பி வந்தது. பிரஜாவுரிமைப் பத்திரம் இணைக்கப்படவில்லை.

தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த அந்தச் சட்டங்களை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவற்றுக்குள்தான் இன்னும் இருக்கிறீர்கள். காமாட்சியின் அப்பாவும் விண்ணப்பம் போட்டிருந்தார். விசாரணைக்கு நுவரெலியாவுக்குப் போய் வந்த கதையைக் காமாட்சி என்னிடம் சொன்னாள். அதிகாரி கேட்டாராம், இந்த நாட்டை விட்டு எப்போதாவது போனது உண்டா என்று.

"எங்கேயும் போகலைங்க" என்றிருக்கிறார் அப்பா. பிறகு, பொய் சொல்லக்கூடாதே என்று, "தங்கச்சி கல்யாணத்துக்கு மட்டும் இந்தியாவுல துறையூருக்குப் போனேனுங்க. அங்க காய்ச்சல்ல படுத்துட்டேன். எந்திரிச்சு வர ஒரு வருசத்துக்கு மேல ஆயிப்போச்சுங்க" என்றிருக்கிறார்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். வதிவு தொடர்ச்சியாக இல்லை. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் தேயிலைக்கு நடுவில்தான். முதுகு வளைந்ததும் அங்கேதான். ஆனால் ஒரு காய்ச்சல் இடையில் வந்துவிட்டது.

டீச்சர் ஒரு வழி யோசித்தார். எங்கள் குடும்பத்துக்கு அப்போதுதான் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்திருந்தது. டவுனில் அது பெரிய பேச்சு. அந்தக் கடதாசியை அம்மா தகரப் பெட்டியில் பட்டுச் சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டியிருந்தாள். காமாட்சி தன் பொறுப்பில் வளர்கிற பிள்ளை என்று என் அப்பா கையெழுத்துப் போட்டால், அவர் பெயரில் அவளுக்குச் சாப்பாடு வாங்கிவிடலாம் என்று டீச்சர் நினைத்தார். கடிதம் எழுதி உறையில் போட்டு என்னிடம் தந்தார்.

"அப்பாட்டைக் குடும். நாளைக்குப் பதில் வேணும்."

காமாட்சி பக்கத்தில்தான் நின்றாள். கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

நான் அதை அப்பாவிடம் கொடுக்கவில்லை.

பத்து வருடத்துக்கு மேலாக இதற்குக் காரணம் தேடுகிறேன். பயம் ஒன்று. பத்திரத்தில் ஒரு பொய் கண்டுபிடித்தால் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தப் பயம் உண்மைதான். ஆனால் அது மட்டுமில்லை. அந்தத் தவணைப் பரீட்சையில் கணக்கில் காமாட்சி முதலாவது, நான் இரண்டாவது. அவளுக்கு வயிறும் நிறைந்துவிட்டால் நான் என்றைக்கும் இரண்டாவதுதான் என்ற நினைப்பு எனக்கு வந்தது. ஒரு கணம்தான் வந்தது. ஆனாலும் வந்தது.

கடிதத்தை வீட்டு அடுப்பில் போட்டேன். மறுநாள் டீச்சரிடம், "அப்பா முடியாதுன்னுட்டாருங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் என்னைக் கோபிக்கவில்லை. "பாவம், அவருக்கும் பயம் தானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

தவணை முடிவதற்குள் காமாட்சி வகுப்புக்கு வருவது நின்றுவிட்டது. வகுப்பில் மயங்கி விழுந்த இரண்டாம் முறைக்குப் பிறகு அவளுடைய அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். கொப்பிகளை ஒரு கோதுமை மாச் சாக்கில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு போனாராம். நான் அன்று வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் டீச்சர் எங்கள் கடைக்குப் பாண் ரொட்டி வாங்க வந்தார். அப்பாவிடம் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "உங்களிலையும் பிழையில்லை. கையெழுத்துப் போடப் பயம் தான் வரும்" என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தார். எல்லாம் வெளியே வந்தது.

அப்பா என்னை அடிக்கவில்லை. மத்தியானக் கூட்டம் முடியும் வரை பரிமாறினார். கடை காலியான பிறகு என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"கையெழுத்துன்னா நானும் யோசிச்சுத்தான் இருப்பேன்" என்றார். "போட்டிருப்பேனோ மாட்டேனோ, தெரியல. ஆனா ஒரு பீங்கான் சோத்துக்கு என்னத்துக்குடி கையெழுத்து? கூட்டிக்கிட்டு வந்திருந்தா நான் போட்டிருக்க மாட்டேனா?"

அதுவரை அது என் மனதில் தோன்றவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். தினமும் அவளை விட்டுவிட்டுத்தான் கடைக்குப் போனேன். 'வாடி, போவோம்' என்று ஒரு வார்த்தை. சட்டம் அதைத் தடுக்கவில்லை.

மறு ஞாயிறு அப்பா ஒரு சாக்கில் அரிசி கட்டிக்கொண்டு அக்கரப்பத்தனைக்குப் போனார். தோட்டத்துத் தொரைமார் உத்தரவில்லாமல் வெளியாள் லயத்துக்குள் போகக்கூடாது என்று காவல்காரன் பாலத்தடியிலேயே நிறுத்திவிட்டான். அரிசியோடு திரும்பி வந்தார்.

காமாட்சியை நான் மறுபடி பார்த்தது மூன்று வருடம் கழித்து. ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நின்றபோது, கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூட்டத்தில் அவள். விரல்களெல்லாம் கறுத்து வெடித்திருந்தன. அவள்தான் முதலில் என்னை அடையாளம் கண்டாள்.

"ஏய் சரோஜா! ஆளே மாறிப்போயிட்டியே. இன்னும் படிக்கிறியா?"

"ஆமா. நீ எப்படி இருக்கே?"

"தோட்டத்துல பேரு பதிஞ்சாச்சு. ரெண்டு வேளை ரொட்டி கெடைக்குது. இப்ப மயக்கமெல்லாம் வாறதில்ல." சிரித்தாள். பல்லில் கறை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒன்னு கேக்கவா? அந்தக் கடுதாசிய நீ ஒங்கப்பாகிட்ட குடுத்தியா?"

பஸ் வரும் சத்தம் கேட்டது.

"குடுத்தேன்" என்றேன்.

"ம்" என்றாள். "அதான. நீ குடுத்திருப்பேன்னு எனக்குத் தெரியும். எங்க மாமி தான் குடுத்திருக்க மாட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

5

போன வாரம் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், தோட்டத்தில் யாரை இலங்கையில் வைப்பது, யாரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றுதான் எல்லா லயத்திலும் பேச்சு என்று எழுதியிருக்கிறான். காமாட்சிக்கு மூன்று பிள்ளைகளாம். அவள் புருஷன் வீட்டாருக்கு இந்தியாவில் யாரும் இல்லையாம். 'எந்தப் பக்கத்து லிஸ்டில் பெயர் விழும் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்று என்னிடம் வந்து கேட்டாள். எனக்கென்ன தெரியும்?' என்று முடித்திருக்கிறான்.

அந்தக் கடிதம் வந்த அன்று மாலை என் மகள் மீனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவளுக்கு ஆறு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு உண்டு, பால் உண்டு. எல்லாமே சட்டம்தான். அன்றைய புட்டிங்கைத் தோழிகளோடு சேர்ந்து குப்பையில் கொட்டியதாகச் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்.

அறைந்துவிட்டேன்.

அவள் அழவில்லை. என்னை ஒரு வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு தன் அப்பாவிடம் போய், "இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள். நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பசை, பணிஸ், லயம், கூப்பன். ஒரு சொல்லும் அவளுக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கே அது வேறு யாருடைய கதையோ போலக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

6

ஐரீனுக்கு மறுப்புக் கடிதம் அடித்தது நான்தான். ஆனால் சட்டத்தின் மறு பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது. நிபந்தனைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் சபை விரும்பினால் கொடுக்கலாம். திருமதி பார்க்கரிடம் போய்க் கேட்டேன். "விண்ணப்பிக்கச் சொல். ஆனால் ஆசை காட்டாதே" என்றார். ஐரீனோடு உட்கார்ந்து அந்த மனுவை எழுதினேன். பல வரிகளை அவள் சொன்னாள், சிலவற்றை நான் சேர்த்தேன். ஊரில் தம்பி தங்கைகள் இருப்பதால் அம்மா சம்பளத்தில் பாதி கப்பலேறிப் போகிறது என்பதையும், கல்லூரியில் நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள் என்பதையும் எழுதினோம். இரண்டாவதை எழுதும்போது, "அதைப் போட வேண்டாம்" என்றாள். போட்டேன்.

கமிட்டி கூடியது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள் என்று ஒருவர் சொன்னாராம். இரண்டாவது மறுப்புக் கடிதமும் என் மேசைக்குத்தான் வந்தது. அடித்தேன். தபாலில் போட வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். திருமதி பார்க்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். செங்கல் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில், மாடி அறை. ஐரீனின் அம்மா கதவைத் திறந்தாள். சலவைக்கூட வெந்நீரில் ஊறி ஊறி அவள் கைகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நான் யாரென்று சொல்வதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன்" என்றேன். "ஆபீஸ் காத்திருக்கட்டும். நீ குளிரில் வந்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்த சட்டியிலிருந்து சோறும் அவரைக்கொட்டையும் ஒரு தட்டு நிறையப் போட்டு என் முன்னால் வைத்தாள். அவர்கள் இருவருக்கும் வைத்திருந்த சட்டி அது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தட்டைத் தள்ளிவைக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.

பிறகு உறையை எடுத்து, வார இறுதிக்கு வீடு வந்திருந்த ஐரீனிடம் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தாள். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் இரண்டு மாதத்தில் மூன்று வருடம் முடிகிறது" என்றாள் ஐரீன். "அப்போது வந்தால்?"

"வகுப்பு தொடங்கிய நாள்தான் கணக்கு" என்றேன். "அந்த நாள் மாறாது."

"அப்படியானால் திங்கட்கிழமை நானும் அம்மாவோடு சலவைக்குப் போகிறேன்." கடிதத்தை மடித்தாள். மடித்தவள் நின்று, தாளின் அடியில் இருந்த சிறிய எழுத்துகளைப் பார்த்தாள். தட்டெழுதியவரின் முதலெழுத்து அங்கே இருக்கும்.

"இதை அடித்தது யார்?"

"நான்தான்" என்றேன். "முதல் கடிதத்தையும் நான்தான் அடித்தேன்."

அவள் கடிதத்தை உறைக்குள் திரும்ப வைத்தாள். அம்மா என் முன்னாலிருந்த வெறும் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினாள்.